பெயரை நம்பித் தேட முடியாத தேசம்

நோர்வே என்றவுடன் எமது வாசகர்களின் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக்கு அனுசரணை வழங்கிய நாடு என்பது. மற்றையது, எமது உறவினர் பலர் அங்கு குடியேறி வாழ்கின்றனர் என்பது. இன்று செல்வச் செழிப்புடன் விளங்கும் அந்நாடு, ஒரு காலத்தில் தன் மக்களைத் தொகைதொகையாகக் கப்பலேற்றி அனுப்பிய வறிய நாடாக இருந்தது என்பதைச் சிலரே அறிவர். 1825 ஜூலை 4 ஆம் திகதி ஸ்தவாங்கர் துறைமுகத்திலிருந்து 'ரெஸ்டோரேஷன்' என்னும் சிறு பாய்க்கப்பல் 52 பேருடன் புறப்பட்டது. வழியில் ஒரு குழந்தை பிறந்தமையால், ஒக்டோபர் 9 ஆம் திகதி நியூயோர்க்கை அடைந்தபோது அதில் 53 பேர் இருந்தனர். அடுத்த நூறு ஆண்டுகளில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வழியே சென்றனர். 1801 இல் ஒன்பது இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான குடிசனத்தையே கொண்டிருந்த ஒரு நாட்டுக்கு இது எத்துணை பெரிய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த முதற் பயணத்தின் இருநூறாவது ஆண்டு நிறைவு 2025 இல் இரு நாடுகளிலும் நினைவுகூரப்பட்டது. அன்று சென்றவர்களின் வழித்தோன்றல்கள் தம் மூதாதையரின் ஊரையும் உறவையும் அறிய விரும்பிப் பழைய ஏடுகளைப் புரட்டுகின்றனர். ஏடுகளுக்குக் குறைவில்லை. குடும்ப வரலாற்றை ஆராய்வதற்கு நோர்வேயைப் போல ஆவண வளம் மிக்க நாடுகள் சிலவே உள்ளன எனலாம். ஆயினும் தேடத் தொடங்குபவர் முதல் நாளிலேயே ஒரு தடையில் முட்டிக்கொள்கிறார். அத்தடை வேறெதுவுமன்று, பெயரே.

ஆங்கிலேயரிடம் உள்ளதைப் போலத் தலைமுறை தலைமுறையாக மாறாது வரும் குடும்பப்பெயர், நோர்வேயின் நாட்டுப்புற மக்களிடம் இருபதாம் நூற்றாண்டு வரை பொதுவழக்காக இருக்கவில்லை. ஒருவருக்கு முதலில் இடுபெயர். அடுத்து, தந்தையின் பெயருடன் மகன் என்னும் பொருள்தரும் 'சென்' அல்லது மகள் என்னும் பொருள்தரும் 'டத்தர்' சேர்ந்த தந்தைவழிப் பெயர். ஹான்ஸ் பேடர்சென் என்பவருக்கு ஓலே என்றொரு மகனும் காரி என்றொரு மகளும் இருந்தால், மகன் ஓலே ஹான்சென். மகள் காரி ஹான்ஸ்டத்தர். ஓலேயின் மகன் தன் பாட்டனாரின் பெயரைப் பெற்று ஹான்ஸ் ஓல்சென் ஆவான். பாட்டன், தந்தை, மகன் ஆகிய மூவரும் பேடர்சென், ஹான்சென், ஓல்சென் என மூன்று வெவ்வேறு பெயர்களில் நிற்பர். விவாகத்தின் பின்னரும் காரி தன் கணவரின் பெயரை எடுப்பதில்லை. இறக்கும்வரை அவள் ஹான்ஸின் மகளே. எமக்கு இதில் வியப்பதற்கு அதிகமில்லை. தந்தையின் பெயரை முன்னால் எழுதும் எமது வழக்கை அவர்கள் பின்னால் எழுதினார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவதாக வருவதுதான் வெளியாரைப் பெரிதும் ஏமாற்றுவது. அது பண்ணையின் பெயர். ஓலே ஹான்சென் ஹௌகன் என்று ஏட்டில் இருந்தால், ஹௌகன் என்ற பண்ணையில் வசிக்கும் ஓலே ஹான்சென் என்பதே பொருள். அது குடும்பத்தின் பெயரன்று, வதிவிடத்தின் பெயர். அவர் அடுத்த ஆண்டு பக்கென் என்னும் பண்ணைக்குக் குடிபெயர்ந்தால் ஓலே ஹான்சென் பக்கென் ஆகிவிடுவார். மனைவியின் காணிக்கு வந்து குடியேறிய மருமகன் அந்தக் காணியின் பெயரால் அழைக்கப்பட்டார். பண்ணையின் ஓரத்தில் குடிசை அமைத்து, தன் உழைப்பையே வாடகையாகச் செலுத்திய 'ஹுஸ்மன்' என்னும் ஏழைக் குடியானவரும் அதே பண்ணைப் பெயரால் பதியப்பட்டார். ஆகவே ஒரே ஆண்டில் ஒரே பண்ணைப் பெயரைத் தாங்கிய இருவரில் ஒருவர் நிலவுடைமையாளராகவும் மற்றவர் அவரிடம் கூலிவேலை செய்தவராகவும் இருக்கலாம். இருவருக்கும் இரத்த உறவு இருக்க வேண்டும் என்பதில்லை.

இதற்கு மேல் இன்னொரு சங்கடமும் உண்டு. ஹௌகன் என்பதற்குக் குன்று என்பது பொருள். பக்கென் என்பதற்குச் சரிவு. மூஎன் என்பதற்கு மணற்பாங்கான வெளி. குன்றும் சரிவும் இல்லாத ஊர் நோர்வேயில் ஏது? ஆதலால் இப்பெயர்களில் நாடெங்கும் எண்ணற்ற பண்ணைகள் உள்ளன. பங்கின் பெயரும், காணிப் பதிவேட்டில் அப்பண்ணைக்கு உரிய இலக்கமும் தெரியாமல் வெறும் 'ஹௌகன்' என்பதைப் பிடித்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற தோம்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டுள்ள எமது வாசகர்களுக்குக் காணிப் பதிவேட்டின் அருமையை விளக்கத் தேவையில்லை. ஊலுஃப் ரிக் என்னும் அறிஞர் தொடங்கிவைத்த 'நோர்வேயின் பண்ணைப் பெயர்கள்' என்னும் பெருந்தொகுதி 1897 முதல் பல பாகங்களாக வெளிவந்தது. ஒரு பண்ணையின் பெயர் பழைய ஆவணங்களில் எவ்வெவ்வாறு எழுதப்பட்டது என்பதை அறிய இன்றும் ஆராய்ச்சியாளர் அதனையே நாடுகின்றனர்.

இடுபெயர்களாவது தெளிவானவையா என்றால் அதுவும் இல்லை. முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயர், அடுத்த மகனுக்குத் தாய்வழிப் பாட்டனாரின் பெயர், மகள்மாருக்கும் அவ்வாறே பாட்டிமாரின் பெயர்கள் என்பது அங்கு பரவலாக நிலவிய மரபு. ஒரு குழந்தை இறந்தால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயர் இடப்பட்டது. மனைவியை இழந்தவர் மறுமணம் புரிந்தால், புதிய மனைவியிடம் பிறக்கும் முதல் மகளுக்கு இறந்தவளின் பெயரைச் சூட்டினர். இந்த வழக்கத்தில் உள்ள நாகரிகம் எம்மை மிகவும் கவர்ந்தது. இரண்டு பாட்டன்மாரும் ஓலேயாகவே இருந்துவிட்டால் வீட்டில் உயிரோடு இரண்டு ஓலேக்கள் இருப்பர்: மூத்த ஓலே, இளைய ஓலே. பாட்டன் பேடருக்கு நான்கு மகன்மார் இருந்தால் நால்வரும் தத்தம் மகனுக்குப் பேடர் என்றே பெயரிட்டிருப்பர். ஒரு சிறிய பள்ளத்தாக்கில் ஒரே தலைமுறையில் ஒரே பெயருள்ளோர் பலர் காணப்படுவதன் காரணம் இதுவே.

போதாக்குறைக்கு, பதிவேட்டை எழுதிய மதகுருவின் பேனாவும் குழப்பம் செய்தது. நோர்வே 1814 வரை டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. அதன் பின்னரும் நெடுங்காலம் எழுத்துமொழி டேனிய மொழியாகவே நீடித்தது. வீட்டில் பேர் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பேடர் ஆனார். மாரித் மார்கிரேத்தே ஆனாள். பெரித் பிர்கித்தே ஆனாள். ஒரே பெண் ஞானஸ்நானத்தில் ஒரு விதமாகவும் விவாகத்தில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருப்பாள். எழுத்து வேறுபாட்டைக் கொண்டு இருவர் எனத் தீர்மானிப்பதும், எழுத்து ஒற்றுமையைக் கொண்டு ஒருவரே எனத் தீர்மானிப்பதும் ஒரே அளவு ஆபத்தானவை.

அப்படியாயின் ஒருவரை இன்னார்தான் என்று எவ்வாறு உறுதிசெய்வது? பெயரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பிறந்த திகதி, இடம், உறவு ஆகியவற்றை முன்னுக்குக் கொண்டுவருவதே வழி. இதைக் கற்பனை உதாரணம் ஒன்றால் விளக்க முற்படுவோம். விஸ்கொன்சின் மாநிலத்தில் வாழும் ஒரு குடும்பத்தாரின் பழைய வேதாகமத்தின் முதற்பக்கத்தில், 'ஓலே ஹான்சென், 1832 மார்ச், நோர்வே' என எழுதப்பட்டுள்ளதாகக் கொள்வோம். பங்கு இன்னதென்பதும் குடும்பத்தாருக்குத் தெரியும். பங்குப் பதிவேட்டைத் திறந்தால் அவ்வாண்டு மார்ச்சில் பிறந்த ஓலேக்கள் இருவர். ஒருவன் ஹௌகன் பண்ணையில் ஹான்ஸ் பேடர்செனுக்குப் பிறந்தவன். மற்றவன் பக்கென் பண்ணையில் ஹான்ஸ் ஓல்செனுக்குப் பிறந்தவன். இருவருமே ஓலே ஹான்சென்தான்.

அவசரக்காரர் இங்கே நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பார். பொறுமையுள்ளவர் இருவரையும் பின்தொடர்வார். அடக்கப் பதிவேட்டில் 1836 இல், 'ஓலே ஹான்சென், பக்கென், வயது 4' என்று ஒரு பதிவு கிடைக்கிறது. பக்கென் பையன் இறந்துவிட்டான், ஆகவே ஹௌகன் பையனே எமது ஆள் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் பண்ணைப் பெயர் வதிவிடம் மாத்திரமே என்பதை மறக்கலாகாது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் ஹௌகன் குடும்பம் பக்கெனுக்குக் குடிமாறியிருந்தால்? ஆகவே மேலும் தேட வேண்டும். 1838 இல் பக்கென் தம்பதியருக்கு மீண்டும் ஒரு மகன் பிறக்கிறான். அவனுக்கும் ஓலே என்றே பெயரிடப்படுகிறது. மூத்தவன் இறந்திருந்தால் மரபுப்படி அவன் பெயரை அடுத்தவனுக்கு இட்டிருப்பர். இது வலுவான அறிகுறி. எனினும், இரு பாட்டன்மாரும் ஓலே என்ற பெயருடையோராயின் இருவரும் உயிரோடிருக்கவும் கூடும் என்பதால் இது முடிந்த முடிபன்று.

இங்கேதான் ஆதனப் பங்கீட்டு ஆவணங்கள் கைகொடுக்கின்றன. தாயோ தந்தையோ வயது வராத பிள்ளைகளை விட்டு இறந்தால், சொத்தைக் கணக்கிட்டு உரிமையாளர் அனைவரையும் பெயர், வயது, உறவு என்பவற்றுடன் எழுதிவைக்கும் நடைமுறை அங்கு இருந்தது. ஹௌகன் பண்ணைத் தாய் 1841 இல் இறந்து, அவளது உரிமையாளர் வரிசையில் 'மகன் ஓலே, வயது 9' என்று காணப்படின், 1836 இல் இறந்தவன் அவனல்லன் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகும். ஒரு பானையும் ஒரு பசுவும் ஒரு பழைய கட்டிலும் விட்டுப்போன ஏழைத் தாயின் சொத்துப் பட்டியல், நூற்றெண்பது ஆண்டுகளின் பின் வேறொரு கண்டத்தில் வாழும் அவளது சந்ததியாருக்குச் சாட்சி சொல்கிறது.

அடுத்து திடப்படுத்தல் பதிவேடு. லூதரன் திருச்சபையில் திடப்படுத்தல் 1736 இல் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. பதின்ம வயதில் அதற்கு முன்வந்த ஒவ்வொருவரது பிறந்த திகதியும் பெற்றோரும் ஏட்டில் பதியப்பட்டமையால், குழந்தைப் பருவத்தைக் கடந்தவர் யார் என்பதை அது காட்டிக்கொடுக்கும். பின்னர், 1853 இல் பங்கைவிட்டு அமெரிக்காவுக்குச் சென்றோர் பட்டியலில் 'ஓலே ஹான்சென் மூஎன்' என்று ஒரு பெயர் இருக்கலாம். மூஎன் எங்கிருந்து வந்தது? அவன் மூஎன் பண்ணையில் வேலைக்காரனாக இருந்தான். ஏட்டில் உள்ள பிறந்த திகதி ஹௌகன் ஞானஸ்நானப் பதிவுடன் ஒத்துப்போனால் சங்கிலி முழுமை பெறும். ஒருவரைக் கண்டுபிடிப்பது என்பது பாதி வேலையே. அதே பெயரில் இருந்த மற்றவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் காட்டினால்தான் வேலை முடியும்.

ஞானப்பெற்றோரின் பெயர்களையும் அலட்சியம் செய்யலாகாது. ஒரு குழந்தைக்கு ஐவர் வரை சாட்சிகளாக நிற்பது வழமை. அவர்கள் பெரும்பாலும் பெற்றோரின் சகோதரரும் நெருங்கிய அயலவருமே. தாயின் பிறந்தகம் எதுவென எந்த ஏடும் நேரடியாகச் சொல்லாதவிடத்து, ஞானத்தாய் வந்த பண்ணை அதைச் சொல்லிவிடுவதுண்டு. விவாகப் பதிவிலுள்ள பிணையாளிகளும் அவ்வாறே. மதகுரு எழுதிய ஏட்டுக்குப் புறம்பாகக் கோவில் உபதேசியார் தனியே ஒரு பிரதி எழுதிவந்தார். ஓர் ஏட்டில் விடுபட்டதோ கெட்டுப்போனதோ மற்றதில் கிடைத்த சம்பவங்கள் பல.

குடிசன மதிப்பீடுகளையும் குறிப்பிட்டாக வேண்டும். நாடு முழுவதையும் பெயர் பெயராகப் பதிந்த முதல் மதிப்பீடு 1801 இல் எடுக்கப்பட்டது. எத்தனையாவது விவாகம் என்பதும் அதில் உண்டு. வயதோ நடப்பு வயது. எமது சாதகக் கணக்கைப் போல. இதை அறியாதவர் ஒவ்வொருவர் பிறந்த ஆண்டையும் ஓராண்டு பிழையாகக் கணிப்பார். 1865 இல் பிறந்த இடமும், 1875 இல் வயதுக்குப் பதிலாகப் பிறந்த ஆண்டும், 1910 இல் முழுமையான பிறந்த திகதியும் சேர்ந்தன. அந்நாட்டுத் தேசிய சுவடிகள் கூடத்தின் கீழ் 1998 முதல் இயங்கிவரும் 'டிஜிட்டல்ஆர்க்கீவெத்' என்னும் இணையத்தளத்தில் இவையனைத்தையும் கட்டணமின்றிப் பார்வையிடலாம்.

இந்த வசதியே புதிய தொல்லை ஒன்றுக்கும் வித்திட்டுள்ளது. பெயரைத் தட்டச்சுச் செய்து, கணினி காட்டும் முதல் ஓலே ஹான்செனைத் தன் முப்பாட்டனாராக வரித்துக்கொள்வோர் பெருகியுள்ளனர். ஒருவர் இணைத்த பிழையான தந்தையை நூறு பேர் பிரதிபண்ணுகின்றனர். நூறு இடங்களில் இருப்பதால் அது உண்மையென நூற்றோராவது ஆள் நம்புகிறார். மூல ஏட்டின் படத்தைப் பாராமல், யாரோ பெயர்த்தெழுதிய சுட்டியை மட்டும் பார்த்து வமிசாவளி எழுதுவது ஆராய்ச்சி ஆகாது என்பதே எமது உறுதியான அபிப்பிராயம். நோர்வேஜியக் குடியானவர்களுக்கு இது பொழுதுபோக்காகவும் இருந்ததில்லை. 'ஓடெல்' எனப்படும் தொன்மையான காணியுரிமையின்படி, குடும்பத்தில் நெடுங்காலம் இருந்த காணி வெளியாருக்குக் கைமாறினால், உறவுமுறையில் உரித்துடையவர் பணம் செலுத்தி அதை மீட்கலாம். அதற்கு வழிவழி உறவை நீதிமன்றில் நிறுவ வேண்டும். ஒரு தலைமுறை தவறினால் காணி போய்விடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரங்களில் குடும்பப்பெயர் வழக்கம் பரவியது. அம்மாற்றம் ஒரே சீராக நிகழவில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் தந்தைவழிப் பெயரையும், மற்றொருவர் பிறந்த பண்ணையின் பெயரையும், அமெரிக்கா சென்றவர் மூன்றாவது ஒன்றையும் நிரந்தரப் பெயராக்கிக்கொண்டனர். ஹான்சென் என்பது 'ஹான்ஸின் மகன்' என்னும் பொருளை இழந்து, பெண்களும் அதையே சூடத் தொடங்கினர். 1923 பெப்ரவரியில் நிறைவேறிய பெயர்ச் சட்டமே ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாறாத ஒரு குடும்பப்பெயரை வேண்டியது. அத்துடன் மனைவி கணவரின் பெயரை ஏற்கும் முறையும் சட்டத்தில் இடம்பிடித்தது. 1979 ஆம் ஆண்டின் மாற்றத்துக்குப் பின்னரே அப்பெயர் தானாக மனைவியை வந்தடையும் நிலை ஒழிந்தது. பெண்களைப் பொறுத்தவரை, 'பழைமையான' முறையே அவர்களது தனி அடையாளத்தைக் காத்துவந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

பெயர் மாற்றங்களுக்கு நன்கறியப்பட்ட உதாரணம் எழுத்தாளர் க்னூட் ஹம்சுன். 1859 இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் வழி வந்த பெயர் க்னூட் பேடர்சென். குடும்பம் வடக்கே ஹமாரோய் என்னும் இடத்திலுள்ள ஹம்சுன்ட் பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. பண்ணையின் பெயர் அவருடன் ஒட்டிக்கொண்டது. 1885 இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அச்சுப்பிழையால் கடைசி எழுத்து விடுபட, அதையே அவர் தன் பெயராக வைத்துக்கொண்டார். 1920 இல் நோபல் பரிசு பெற்றது அந்த அச்சுப்பிழைப் பெயர்தான். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எமக்கு இதில் ஒரு சிறு ஆறுதலும் உண்டு.

இதனினும் உருக்கமானது க்னூட் நெல்சன் என்பவரின் கதை. 1843 இல் வொஸ் பகுதியைச் சேர்ந்த எவாங்கரில், விவாகமாகாத தாய்க்குப் பிறந்தவர் அவர். தாய் இங்கெபியொர்க் ஹால்டோர்ஸ்டத்தர் 1849 இல் ஆறு வயது மகனுடன் அமெரிக்கா சென்றாள். அங்கு தன்னை விதவை என்று சொல்லிக்கொண்டாள். பின்னர் நில்ஸ் என்பவரை மணந்தாள். நில்ஸின் மகன் என்ற பொருளில் சிறுவன் நெல்சன் ஆனான். அச்சிறுவனே பிற்காலத்தில் மின்னசோட்டா மாநிலத்தின் ஆளுநராகி, 1895 முதல் இறக்கும்வரை அமெரிக்க செனட் சபையில் வீற்றிருந்தார். ஸ்கண்டிநேவியாவில் பிறந்து அமெரிக்க மாநிலமொன்றின் ஆளுநரான முதலாமவர் அவரே. ஆனால் அவர் தாங்கிய பெயர் வளர்ப்புத் தந்தையுடையது. பெற்ற தந்தை யாரென்பதோ உறுதிப்படுத்தப்படவேயில்லை. நெல்சன் என்ற பெயரை நம்பி நில்ஸின் வமிசத்தில் அவரைத் தேடுபவர் வேறொருவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்பார். பெயர்ச் சட்டம் நிறைவேறிய அதே 1923 இல் அவர் மறைந்தார்.

அமெரிக்கத் துறைமுக அதிகாரிகளே குடியேறிகளின் பெயர்களை மாற்றினர் என்ற கதை பல குடும்பங்களில் சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரம் மிகக் குறைவு. அவர்களிடம் இருந்தது கப்பற் கம்பனி தயாரித்த பயணிகள் பட்டியல். அதிலிருந்தே பெயர்கள் சரிபார்க்கப்பட்டன. மேலும் எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டது 1892 இல். அதற்கு முன்பே பல இலட்சம் நோர்வேஜியர் சென்றுவிட்டனர். பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் அவர்களேதான். அயலில் இன்னும் நான்கு ஓலே ஹான்சென்கள் இருந்து, கடிதங்கள் தவறான வீட்டுக்குப் போகத் தொடங்கினால் வேறென்ன செய்வது?

வடக்கே பெயர் மாற்றம் விருப்பத்தின் பாற்பட்டதாக இருக்கவில்லை. அங்கு வாழும் பூர்வீகக் குடிகளான சாமி மக்கள் தமக்கெனத் தனி மொழியும் பெயரிடும் முறையும் உடையோர். தந்தையின் பெயரை முன்னால் வைத்துப் பிள்ளையின் பெயரைப் பின்னால் சொல்லும் அவர்களது பேச்சுவழக்கு எமது வழக்கையே ஒத்தது. மதகுருவின் ஏட்டிலோ அவர்கள் நோர்வேஜியப் பெயர்களிலேயே பதியப்பட்டனர். ஃபின்மார்க் மாகாணத்தில் அரச காணிகளை விற்பது குறித்து 1902 இல் வந்த விதிகள், நோர்வேஜிய மொழியைப் பேசவும் எழுதவும் தெரிந்தவர்களுக்கே காணி என்றன. காணி வேண்டுமாயின் அடையாளத்தைக் கைவிட வேண்டும் என்பதே இதன் பொருள். பல குடும்பங்கள் பிள்ளைகளிடமும் மறைத்தன. அத்தகைய குடும்பத்தில் பிறந்து, தன் பாட்டி யாரென்பதை 1865 அல்லது 1900 ஆம் ஆண்டு மதிப்பீட்டு ஏட்டின் இனப்பிரிவுக் குறிப்பில் முதன்முதலாகக் கண்ட ஒருவருக்கு, அது வெறும் வமிசாவளித் தகவலாக இராது. இக்கொள்கையை ஆராய்ந்த ஆணைக்குழு 2023 ஜூனில் தன் அறிக்கையைப் பாராளுமன்றத்திடம் கையளித்தது. 2024 நவம்பரில் பாராளுமன்றம் மன்னிப்புக் கோரியது.

இன்று நோர்வேயில் வாழும் எமது மக்களின் பெயர்களும் இந்தப் பழைய வழியிலேயே சென்றுகொண்டிருக்கின்றன. அங்கு சென்ற ஒருவர் தன் தந்தையின் பெயரைக் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் நிரப்புகிறார். அவரது பிள்ளைகளுக்கும் பாட்டனாரின் பெயரே குடும்பப்பெயராகிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் உள்ள அவரது சகோதரரின் பிள்ளைகளோ வழமைப்படி தம் தந்தையின் பெயரையே முதலெழுத்தாகக் கொள்கின்றனர். ஒன்றுவிட்ட சகோதரர்களுக்குள் பொதுப்பெயர் எதுவும் மிஞ்சவில்லை. ஒரே பெயர் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் ஆங்கில எழுத்தில் இருப்பதையும் சேர்த்துக்கொண்டால், 1900 ஆம் ஆண்டின் நோர்வேஜியக் குடும்பத்துக்கும் எமது குடும்பங்களுக்கும் வேறுபாடு அதிகமில்லை. விசித்திரம் என்னவெனில், 2003 இல் நடைமுறைக்கு வந்த நோர்வேயின் பெயர்ச் சட்டம், தாயினதோ தந்தையினதோ இடுபெயருடன் மகன், மகள் என்னும் விகுதியைச் சேர்த்துக் குடும்பப்பெயராகக் கொள்ள மீண்டும் இடமளித்துள்ளது. 1923 இல் ஓரங்கட்டப்பட்ட வழக்கம் வேண்டுவோருக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. இருநூறு பேரோ அதற்குக் குறைவானோரோ தாங்கும் குடும்பப்பெயரை அவர்களின் சம்மதமின்றி மற்றவர் எடுக்க முடியாது என்பதும் அச்சட்டத்தின் ஏற்பாடு. பண்ணையின் பெயராக, யாரும் வந்து குடியிருந்தால் தானே ஒட்டிக்கொண்ட பெயர்கள் இன்று அனுமதி கேட்டுப் பெற வேண்டியவை ஆகிவிட்டன.

நோர்வேயின் குடிசன மதிப்பீட்டு ஏடுகள் நூறு ஆண்டுகளுக்கு இரகசியமாகப் பேணப்படுகின்றன. 1920 ஆம் ஆண்டு ஏடுகள் 2020 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அடுத்த பொது மதிப்பீடான 1930 ஆம் ஆண்டு ஏடுகள் 2030 இல் திறக்கப்படவுள்ளன. 1923 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் எடுக்கப்பட்ட முதலாவது பொது மதிப்பீடு அதுவே. எந்தக் குடும்பம் தந்தையின் பெயரை வைத்துக்கொண்டது, எது பண்ணையின் பெயரை எடுத்துக்கொண்டது, சகோதரர் எங்கே பிரிந்தனர் என்பதையெல்லாம் வீடு வீடாக அதில் பார்க்கலாம். அதற்காக இப்போதே நாட்களை எண்ணிக் காத்திருப்போர் விஸ்கொன்சினிலும் மின்னசோட்டாவிலும் பலர்.